விலை கொடுத்தோம், கணக்குத் தீர்ந்ததா?

 



நம் சங்கத்தின் இந்த ஏட்டில் வட்டியைப் பற்றியும், அளவை நிறுவையைப் பற்றியும், ஜகாத்தைப் பற்றியும் ஆலிம் பெருமக்கள் பலமுறை எழுதியிருக்கிறார்கள். இம்மாதம் அடியேன் எழுதப் புகுந்திருப்பது நம் ஒவ்வொருவருடைய சட்டைப்பையிலும் கிடக்கும் ஒரு சாமானைப் பற்றி. கைத்தொலைபேசிதான். தக்பீர் கட்டிய பிறகு அது பாட்டுப் பாடினால் என்ன செய்வது என்பதை இமாம்கள் ஜும்ஆ தோறும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அதற்குள் நான் போகவில்லை. அது யார் கையால் செய்யப்பட்டது, அந்தக் கைக்குச் சேரவேண்டிய கூலி சேர்ந்ததா, அதைச் செய்தவன் இரவில் எங்கே படுக்கிறான் என்பதே என் கேள்வி.

வியாபாரி என்பவன் கேள்வி கேட்டே பிழைப்பவன். மிளகு வந்தால் எந்த ஊர் மிளகு, காய்ந்ததா ஈரமா என்று கேட்கிறோம். அரிசி வந்தால் ஒரு பிடி அள்ளி முகர்ந்து, பழையதா புதியதா என்று சொல்லிவிடுகிறோம். கைலி வந்தால் ஓரத்தில் நூலைப் பிரித்துப் பார்த்து, ஈரத் துணியால் தேய்த்துச் சாயம் நிற்குமா என்று சோதிக்கிறோம். இறைச்சியானால் அறுத்தது யார் என்று தெரியாமல் வாசற்படி ஏற்றுவதே கிடையாது. நாலு வெள்ளி பிஸ்கோத்து டப்பாவைக்கூடத் திருப்பி ஹலால் முத்திரை இருக்கிறதா என்று பார்க்கிறோம். இவ்வளவு கேட்கத் தெரிந்த நாம் ஆயிரம் இரண்டாயிரம் கொடுத்துப் போன் வாங்கும்போது என்ன கேட்கிறோம்? கேமரா எத்தனை, பேட்டரி எத்தனை மணி நேரம் நிற்கும், உத்தரவாதம் எத்தனை மாதம், பழைய போனைக் கொடுத்தால் எவ்வளவு கழித்துக்கொள்வாய் என்பதோடு நின்றுவிடுகிறோம். ஆட்டை அறுத்த கையை விசாரிக்கும் நாம், திரையைத் துடைத்த கையை விசாரிப்பதில்லை.

ஹஜ்ரத் அபூபக்கர் சித்தீக் (ரலி) அவர்களைப் பற்றிப் புகாரி ஷரீபில் வரும் ஒரு சம்பவத்தை மதரஸாவில் ஓதிய நாளிலேயே நாம் கேட்டிருக்கிறோம். அவர்களிடம் ஓர் அடிமை இருந்தார். அவர் தம் சம்பாத்தியத்தில் ஒரு பகுதியை எஜமானரிடம் கொண்டுவந்து கொடுப்பது வழக்கம். ஒருநாள் அவர் கொண்டுவந்த உணவை ஹஜ்ரத் அவர்கள் சாப்பிட்டுவிட்டார்கள். அதன் பிறகுதான் அவர், இது எந்த வழியில் வந்தது தெரியுமா என்று கேட்டார். இஸ்லாத்துக்கு முந்திய அறியாமைக் காலத்தில் ஒருவனுக்குத் தாம் குறி சொன்னதாகவும், குறி சொல்லும் வித்தையே தமக்குத் தெரியாதென்றும், ஏமாற்றித்தான் சொன்னதாகவும், அவன் இப்போது வழியில் கண்டு கொடுத்த கூலியே இந்த உணவென்றும் சொன்னார். ஹஜ்ரத் அவர்கள் உடனே விரலைத் தொண்டையில் விட்டு, வயிற்றிலிருந்தது அத்தனையும் வெளியே வரும்படி வாந்தியெடுத்தார்கள்.

இதைச் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும். குறி சொன்னது ஹஜ்ரத் அல்ல. சொல்லச் சொல்லி ஏவியதும் அவர்களல்ல. நடந்தது என்றோ ஒரு காலத்தில். அவர்களுக்கு அது தெரியவும் தெரியாது. தெரியாமல் தின்றவன்மேல் குற்றமில்லை என்பது மார்க்கம் படித்த சிறு பிள்ளைக்கும் தெரிந்த சட்டம். உம்மத்திலேயே அதை அதிகம் அறிந்தவர்கள் அவர்கள். ஆயினும், "தெரியாமல்தானே சாப்பிட்டேன்" என்று வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்து போகவில்லை. தெரிந்த நிமிஷத்திலிருந்து அந்த விஷயம் அவர்களுடைய விஷயமாகிவிட்டது. நமக்கும் போன் விஷயத்தில் அந்த நிமிஷம் வந்து வெகுநாளாயிற்று. பத்திரிகைகளிலும் தொலைக்காட்சியிலும் வந்த செய்திகளைத்தான் கீழே எழுதுகிறேன்; இரகசியம் எதுவுமில்லை.

போன் வாங்குவது ஹராம் என்று நான் சொல்ல வருகிறேன் என்று யாரும் பயப்பட வேண்டாம். ஃபத்வா கொடுப்பது ஆலிம்களின் காரியம். கடைக்காரனாகிய எனக்குத் தெரிந்தது கொடுக்கல் வாங்கல். அந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன்.

சீனாவில் ஸுசோ என்றொரு நகரம். அங்கே ஆப்பிள் கம்பெனிக்குத் தொடுதிரை செய்து கொடுத்த ஒரு தொழிற்சாலையில், 2009ஆம் ஆண்டு, திரையைத் துடைக்கச் சாதாரண ஆல்கஹாலுக்குப் பதிலாக ஹெக்ஸேன் என்னும் இரசாயனத்தைப் பயன்படுத்திவந்தார்கள். காரணம் வேறொன்றுமில்லை, அது சீக்கிரம் உலரும். சீக்கிரம் உலர்ந்தால் அதே நேரத்தில் கூடுதல் திரைகளைத் துடைக்கலாம். காற்றோட்டம் போதாத அறையில் அதன் ஆவியைச் சுவாசித்துச் சுவாசித்துத் தொழிலாளர்களுக்குக் கை கால் மரத்துப்போயிற்று, நடை தள்ளாடிற்று. 137 பேர் பாதிக்கப்பட்டதாக ஆப்பிள் கம்பெனியே 2011இல் தன் அறிக்கையில் ஒப்புக்கொண்டது. சில விநாடிகளை மிச்சம் பிடிக்க மனிதனுடைய நரம்பையே விலையாகக் கொடுத்திருக்கிறார்கள். அதற்கடுத்த 2010ஆம் ஆண்டில் ஷென்ஜென் நகரத்திலுள்ள பாக்ஸ்கான் தொழிற்சாலைகளில் பத்துக்கு மேற்பட்ட வாலிபப் பிள்ளைகள் ஒருவர்பின் ஒருவராக மாடியிலிருந்து குதித்து உயிரை மாய்த்துக்கொண்டார்கள். நிர்வாகம் கட்டடங்களைச் சுற்றி வலை கட்டியது. வலை கட்ட வேண்டிய நிலைக்கு வந்த ஒரு வேலைத்தலத்தைப் பற்றி நான் மேலே சொல்ல என்ன இருக்கிறது.

சீனாவில்தானே என்று சமாதானம் சொல்லிக்கொள்ள நமக்கு இடமில்லை. பினாங்கில் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை 1972இல் ஆரம்பமாயிற்று. அன்றிலிருந்து உலகத்தின் மின்னணுச் சாமான்களில் ஒரு பங்கு மலேசியாவின் கை பட்டே போகிறது. 2014ஆம் ஆண்டில் வெரிடே என்னும் அமெரிக்க ஸ்தாபனம் நம் நாட்டு மின்னணுத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் 501 தொழிலாளர்களைத் தனித்தனியே விசாரித்து ஓர் அறிக்கை வெளியிட்டது. அதில் வெளிநாட்டுத் தொழிலாளர்களில் 100க்கு 32 பேர் கட்டாய உழைப்பில் சிக்கியிருப்பதாகக் கண்டது. 100க்கு 94 பேருடைய கடப்பிதழ் அவர்கள் கையில் இல்லை. கம்பெனியிடமோ ஏஜண்டிடமோ இருந்தது. பத்தில் ஒன்பது பேருக்கு மேல் வேலைக்கு வருவதற்கே கட்டணம் கட்டியிருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் அதற்காகக் கடன் வாங்கியவர்கள்.

இந்தக் கட்டணம் எப்படி ஒரு மனிதனைக் கட்டிப்போடுகிறது என்பது கணக்குத் தெரிந்த நமக்கு நன்றாக விளங்கும். உதாரணத்துக்கு ஒரு வங்காளதேசத்துப் பிள்ளை ஏஜண்டுக்குக் கொடுக்க 12,000 ரிங்கிட் பெறுமான கடனை ஊரில் மாதம் நூற்றுக்கு மூன்று வட்டிக்கு வாங்கினான் என்று வைத்துக்கொள்வோம். முதல் மாத வட்டி மட்டும் 360 ரிங்கிட். இன்று நம் நாட்டில் சட்டப்படி குறைந்தபட்சச் சம்பளம் 1,700. சாப்பாட்டுக்கும் மற்றச் செலவுக்கும் 500 வைத்துக்கொண்டு, மீதி 1,200ஐயும் கடனுக்கே கட்டினாலும் அது தீர ஒரு வருஷம் ஓடிவிடும். அந்த ஒரு வருஷமும் ஊரிலிருக்கும் தாய்க்கு அவன் ஒரு காசு அனுப்ப முடியாது. அனுப்பினால் கடன் இரண்டு வருஷம், மூன்று வருஷம் என்று நீளும். பெர்மிட்டில் எழுதிய முதலாளியைவிட்டு வேறு இடத்துக்குப் போகவும் வழியில்லை. கடப்பிதழோ இன்னொருவன் பெட்டியில். மேஸ்திரி பன்னிரண்டு மணி நேரம் நில் என்றால் நிற்கிறான். காய்ச்சலானாலும் நிற்கிறான். காலில் சங்கிலி கிடையாது, வாசலில் காவலும் கிடையாது. வட்டிக் கணக்கு ஒன்றே அவனைப் பிடித்து நிறுத்தப் போதுமாயிருக்கிறது.

வட்டி என்றால் நெருப்பென்று விலகி நிற்பவர்கள் நாம். பாங்கியில் போட்ட பணத்துக்கு நாலு காசு வட்டி ஏறினால்கூட அதை எங்கே தள்ளுவதென்று ஆலிமிடம் போய்க் கேட்கிறோம். ஆனால் நம் கையிலிருக்கும் சாமான், வட்டி கட்டிக்கொண்டே நின்று ஒருவன் செய்தது என்றால் நமக்கு உறுத்தவில்லை. இதில் இன்னொரு வேதனை, அவன் யாரோ எவனோ அல்ல. நம் கடையில் டாப்-அப் வாங்க வருகிறவன். ஜும்ஆவில் நமக்குப் பக்கத்தில் தோளோடு தோள் சேர்த்து நிற்கிறவன்.

தாயகத்தைப் பார்ப்போம். சென்னைக்குப் பக்கத்தில் ஸ்ரீபெரும்புதூரில் ஐபோன் செய்யும் பாக்ஸ்கான் தொழிற்சாலை இருக்கிறது. 2021 டிசம்பரில் அங்கே வேலை செய்யும் பெண்பிள்ளைகளின் விடுதியொன்றில் கெட்ட சாப்பாடு தின்று 150 பேருக்கு மேல் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். அப்போதுதான் அந்த விடுதிகளின் நிலை வெளியே வந்தது. ஓர் அறையில் பலபேர், தரையில் படுக்கை, சில இடங்களில் கக்கூஸுக்குத் தண்ணீர் இல்லை. பிள்ளைகள் சென்னை - பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்து மறித்தார்கள். கதவை அடைத்த தொழிற்சாலை 2022 ஜனவரியில்தான் திறந்தது. இராமநாதபுரம், தஞ்சாவூர், தென்காசி ஜில்லாக்களிலிருந்து நம் பெரியவர்கள் கப்பலேறி இங்கே வந்தார்கள். அதே மாதிரி ஊர்களிலிருந்து பஸ் ஏறி ஸ்ரீபெரும்புதூர் போகிற பிள்ளைகள் இவர்கள். நம் பிள்ளை ஒன்று அப்படி ஒரு தரையில் படுத்துக் கிடக்கிறதென்று கேள்விப்பட்டால் அன்றிரவு நமக்குத் தூக்கம் பிடிக்குமா? அதே ஸ்ரீபெரும்புதூரில் 2024ஆம் ஆண்டு சாம்சங் தொழிலாளர்கள், குளிர்சாதனப் பெட்டியும் தொலைக்காட்சியும் செய்கிறவர்கள், தங்கள் சங்கத்தை அங்கீகரிக்கக் கேட்டு 37 நாள் வேலை நிறுத்தம் செய்ததும் எல்லோரும் அறிந்ததே.

பேட்டரிக்குள் இருக்கும் கோபால்ட் என்னும் உலோகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. உலகக் கோபால்டில் பாதிக்கு மேல் ஆப்பிரிக்காவில் காங்கோ நாட்டிலிருந்து வருகிறது. அங்கே ஒரு பகுதியைக் கையால் தோண்டி எடுக்கிறார்கள். அதில் சிறுபிள்ளைகளும் இருப்பதை ஆம்னெஸ்டி ஸ்தாபனம் 2016இல் எழுதியது. அவ்வளவு தூரம் என் அறிவு எட்டாது; ஆகவே அதை இத்துடன் விடுகிறேன்.

இனி நம்மவர்கள் சொல்லும் பதில்களுக்கு வருவோம். இந்தப் பேச்சை எடுத்ததுமே, "அந்த வேலையாவது அவனுக்குக் கிடைத்ததே பாய், ஊரில் இருந்தால் பட்டினிதானே" என்பார்கள். இதில் உண்மை இல்லாமலில்லை. வேலை ஒரு நிஃமத்துதான். நம் பாட்டன்மார் ரஜுலா கப்பலின் அடித்தட்டில் வந்து இறங்கி, கிட்டங்கியில் பாயை விரித்து, பகலெல்லாம் மூட்டை தூக்கித்தான் இந்தக் கடைகளை உண்டாக்கினார்கள். கஷ்டப்பட்டு வேலை செய்வது வேறு, ஏமாற்றி வேலை வாங்குவது வேறு. ஹஜ்ரத் மூஸா (அலை) அவர்கள் மத்யனுக்குப் போனபோது கையில் ஒன்றுமில்லாத பரதேசியாகத்தான் போனார்கள். அவர்களைக் கூலிக்கு வைத்துக்கொண்ட பெரியவர் என்ன செய்தார்? எட்டு வருஷம் என்று காலத்தை முதலிலேயே வரையறுத்துச் சொன்னார். பத்தாக்குவது உம் விருப்பம் என்றார். உம்மைச் சிரமப்படுத்த நான் நாடவில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னார். இதை அல்லாஹ் சூரத்துல் கஸஸில் நமக்கு எடுத்துச் சொல்கிறான். போக்கிடமில்லாதவன் என்று தெரிந்தும் அவனுடைய இல்லாமையை அவர் தமக்கு இலாபமாக்கிக்கொள்ளவில்லை. இங்கேயோ ஊரில் ஒரு சம்பளம் பேசி ஒரு காகிதம், விமானம் இறங்கியதும் வேறு சம்பளம் போட்டு வேறு காகிதம். பட்டினி கிடந்தவனுக்கு இது போதும் என்று சொல்ல நமக்கு எந்த ஹக்கும் கிடையாது.

இன்னொரு பதில், "நான் ஒரு சில்லறைக் கடைக்காரன், அவ்வளவு பெரிய கம்பெனியை நான் என்ன கேட்டுவிட முடியும்" என்பது. முந்தியதைவிட இதற்குத்தான் மரியாதை கொடுக்க வேண்டும். ஒருவன் கேட்டால் ஒன்றும் ஆகாது என்பது மெய்தான். பலபேர் கேட்டபோது ஆகியிருக்கிறது. ஸுசோ தொழிற்சாலையில் அந்த இரசாயனத்தை நிறுத்த வைத்தார்கள். ஸ்ரீபெரும்புதூர் விஷயம் உலகப் பத்திரிகைகளில் வந்த பிறகு, விடுதிகள் தங்கள் தரத்துக்கு இல்லையென்று ஒப்புக்கொண்டு, ஆப்பிள் கம்பெனி அந்தத் தொழிற்சாலையைக் கண்காணிப்பில் வைத்தது. மலேசியாவைப் பற்றிய அறிக்கை வந்த பிறகு, 2015இல் மின்னணுக் கம்பெனிகளின் கூட்டமைப்பு தன் விதிகளை மாற்றி, வேலைக்கு எடுக்கும் கட்டணத்தைத் தொழிலாளி தலையில் கட்டக்கூடாதென்று எழுதிற்று. சில கம்பெனிகள் வாங்கிய கட்டணத்தைத் திருப்பியும் கொடுத்தன. எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. விதி எழுதுவது சுலபம். ஆயினும் இவையெல்லாம் கம்பெனிக்காரர்களுக்குத் திடீரென்று இரக்கம் பிறந்து நடந்தவையல்ல. வாங்குகிறவன் கேட்டுவிடுவானோ என்ற பயத்தால் நடந்தவை. அந்தப் பயம் நம் கையிலிருக்கிறது.

கேட்பதிலும் ஒரு விவேகம் வேண்டும். 2021 நவம்பரில், ஜொகூரில் தனக்குச் சாமான் செய்து கொடுத்துவந்த ஏடிஏ என்னும் கம்பெனியோடு ஒப்பந்தத்தை முறித்துக்கொள்வதாக டைசன் கம்பெனி அறிவித்தது. தொழிலாளர்களை நடத்திய விதம் பற்றிய புகார்கள் வெளிவந்த பிறகு நடந்தது இது. கேட்டவர்கள் சபாஷ் என்றார்கள். ஒப்பந்தம் போனதும் தொழிற்சாலையில் வேலை குறைந்தது. கடனோடு வந்திருந்த அதே தொழிலாளர்கள் பலபேர் வேலையிழந்தார்கள். தன் கையைக் கழுவிக்கொள்வது ஒன்று, அடுத்தவன் காயத்துக்கு மருந்து போடுவது ஒன்று. ஆகவே, அந்தச் சாமானை இனித் தொடமாட்டேன் என்று சபதம் செய்வதைவிட, நாங்கள் வாங்குவோம், ஆனால் கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்தாயா, கடப்பிதழைத் திருப்பிக் கொடுத்தாயா என்று கேட்டுக்கொண்டே வாங்குவது அந்தத் தொழிலாளிக்கு அதிகம் உதவும் என்பது என் அபிப்பிராயம்.

விலை ஏறிவிடும் என்கிறவர்களுக்கு நீண்ட பதில் தேவையில்லை. ஏறட்டும். வருஷத்துக்கொரு போன் மாற்றுகிறவர் மூன்று வருஷத்துக்கொன்று மாற்றினால் ஏறிய விலையும் ஈடாகிவிடும், வீண்விரயம் என்ற பாவமும் குறையும். பேட்டரி மாற்றினால் ஓடக்கூடிய போனைத் தூக்கிப் போடுவது எந்த ஊர்ப் பெருமை? பழுது பார்க்கும் கடை வைத்திருக்கும் நம் சகோதரர்கள் பலர் வேலையில்லாமல் ஈ ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

நம்மில் பாதிப்பேர் இந்தச் சாமான்களை விற்கிறவர்களும்கூட. அவர்களுக்கு இமாமுல் அஃளம் அபூ ஹனீபா (ரஹ்) அவர்களின் சரித்திரத்தை நினைவுபடுத்துகிறேன். கூபாவில் துணி வியாபாரம் செய்தவர்கள் அவர்கள். ஒரு துணியில் பழுது இருப்பதைச் சொல்லி, வாங்குகிறவனிடம் அதைக் காட்டிவிட்டு விற்கும்படி கூட்டாளியிடம் அனுப்பினார்கள். கூட்டாளி மறந்துபோய் அதைச் சொல்லாமலே விற்றுவிட்டார். வாங்கியவன் யாரென்றும் தெரியவில்லை. இமாம் அவர்கள் அந்த விற்பனைப் பணம் முழுவதையும் ஸதகாச் செய்துவிட்டார்கள் என்று சரித்திரக்காரர்கள் எழுதுகிறார்கள். தொழிலாளி பட்ட துன்பம் சாமானிலுள்ள பழுதாகுமா என்றால், பிக்ஹுச் சட்டப்படி ஆகாதென்றே ஆலிம்கள் சொல்லக்கூடும். நான் அதில் வாதாடவில்லை. ஆனால் ஐந்து வெள்ளிக்குப் பெயரில்லாத சார்ஜரைப் பெட்டி பெட்டியாக இறக்கும்போது, செம்புக்கும் பிளாஸ்டிக்குக்கும் கப்பல் கூலிக்கும் நம் இலாபத்துக்கும் போக, செய்தவன் கூலிக்கு அந்த ஐந்து வெள்ளியில் எவ்வளவு மிஞ்சும் என்று கணக்குப் போடத் தெரியாதவர் நம்மில் யார்? அந்த விலை எப்படி வந்தது என்று மொத்த வியாபாரியை ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். அவர் முகத்திலேயே பதில் தெரிந்துவிடும்.

இதைத் தனித்தனியே செய்வதைவிடச் சங்கமாகச் செய்யலாம். ஐரோப்பாவில் நகர சபைகளும் பல்கலைக்கழகங்களும் ஒன்றுகூடி, எலக்ட்ரானிக்ஸ் வாட்ச் என்னும் ஸ்தாபனத்தின் மூலம், தாங்கள் வாங்கும் கணினிகள் செய்யப்படும் தொழிற்சாலைகளை விசாரித்துவருகின்றன. நாம் அவ்வளவு பெரியவர்களல்ல. ஆயினும் நம் மதரஸாக்களுக்குக் கணினி வாங்குகிறோம், சங்க ஆபீசுக்கு வாங்குகிறோம், கடைகளுக்கெல்லாம் கல்லா இயந்திரம் வாங்குகிறோம். அத்தனைக்கும் ஒரே கடிதமாக எழுதி, இந்தச் சாமான் செய்யும் தொழிலாளியிடம் ஏஜண்டுக் கட்டணம் வாங்கப்படுகிறதா என்ற ஒரு கேள்வியைச் சேர்த்து விலைப்பட்டியல் கேட்டால் என்ன குறைந்துபோகும்? பதில் எழுதுகிறவனிடம் வாங்குவோம்.

இவ்வளவும் எழுதிவிட்டு ஒரு விஷயத்தை எழுதாமல் விட்டால் இந்தக் கட்டுரை நயவஞ்சகமாகிவிடும். கம்பெனிக்காரனைக் கேட்கக் கிளம்புமுன் நம் கல்லாப்பெட்டிக்குக் கீழேயிருக்கும் இழுப்பறையைத் திறந்து பார்க்க வேண்டும். அதில் எத்தனை கடப்பிதழ்கள் இருக்கின்றன? ஊரிலிருந்து எடுத்த சிப்பந்திகள், சாப்பாட்டுக் கடையில் ரொட்டி போடுகிறவர், பாத்திரம் கழுவுகிறவர், இவர்களுடைய கடப்பிதழை வாங்கிப் பூட்டி வைப்பது நம்மவர்களிடையே ஒரு வழமையாகவே இருக்கிறது. "பத்திரமாக இருக்கட்டுமென்றுதான் வைத்திருக்கிறேன்" என்கிறோம், "ஓடிவிடுவான்" என்கிறோம். முதல் காரணம் உண்மையானால் அவன் கேட்ட அன்றே முகம் சுளிக்காமல் கொடுத்திருப்போம். இரண்டாவது உண்மையானால், ஓடிவிட நினைக்கும்படி அவனை வைத்திருக்கிறோமா என்று யோசிக்க வேண்டும். அடுத்தவருடைய கடப்பிதழை வைத்துக்கொள்வது மலேசியாவில் 1966ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றம், சிங்கப்பூரிலும் குற்றம்தான். அது போகட்டும். அமானத் என்பது கொடுத்தவன் கேட்டால் திருப்பிக் கொடுப்பது. கேட்டும் கொடுக்காததற்குப் பெயர் அமானத்தல்ல.

பணியாள் உங்கள் சகோதரன், நீங்கள் உண்பதை அவனுக்கு ஊட்டுங்கள், தாங்காத வேலையைச் சுமத்தாதீர்கள், சுமத்தினால் நீங்களும் கைகொடுங்கள் என்ற கருத்தில் ஹஜ்ரத் அபூதர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீதை நாம் மீலாது மேடைகளில் பெருமையோடு சொல்கிறோம். அதைச் சொல்லிவிட்டு, காலை ஏழு மணிக்குக் கடை திறந்த பையன் இரவு பதினொரு மணிக்கும் அதே கல்லாவில் நிற்பதைப் பார்க்கிறோம். 2023இலிருந்து வாரத்துக்கு 45 மணி நேரம் என்று நம் நாட்டுச் சட்டம் சொல்கிறது. நம் கடைகளில் அந்த 45 மணி நேரம் பல வாரங்களில் புதன்கிழமை மாலையிலேயே தீர்ந்துவிடுகிறது.

திவால் என்றால் என்னவென்று வியாபாரிக்கு விளக்க வேண்டியதில்லை. ரஸூலுல்லாஹி (ஸல்) அவர்கள் ஒருமுறை தோழர்களிடம் முஃப்லிஸ் யாரென்று கேட்டார்கள். காசும் பண்டமும் இல்லாதவன் என்று தோழர்கள் சொன்னார்கள். அவர்கள் விளக்கியதோ வேறு. தொழுகையும் நோன்பும் ஜகாத்தும் மலைபோலக் கொண்டுவந்து கியாமத் நாளில் நிற்பான் ஒருவன். அவன் ஏசியவர், அவதூறு சொன்னவர், அடித்தவர், அவனிடம் பொருளைப் பறிகொடுத்தவர் என்று ஒவ்வொருவராக வருவார்கள். அவனுடைய நன்மைகளிலிருந்து அவர்களுக்குப் பங்கு போகும். நன்மை தீர்ந்துபோய்க் கடன் தீராவிட்டால் அவர்களுடைய பாவங்களை எடுத்து அவன் தலையில் போடுவார்கள். இது முஸ்லிம் ஷரீபில் வரும் செய்தியின் சாரம். அல்லாஹ் தன் ஹக்கை மன்னிக்கலாம். அடியானுடைய ஹக்கை அந்த அடியான்தான் மன்னிக்க வேண்டும். வேலை முழுவதையும் வாங்கிக்கொண்டு கூலியைக் கொடுக்காதவனுக்கு எதிராக அந்நாளில் தானே வழக்காடப்போவதாக அல்லாஹ் அறிவித்திருப்பதும் புகாரி ஷரீபில் வருகிறது. ஸுசோவில் கை மரத்துப்போனவர்கள் அங்கே யாரைத் தேடுவார்களோ, அது அல்லாஹ்வின் இல்மு. நம் கடைப் பையன் யாரைத் தேடுவான் என்பதில் சந்தேகமில்லை. அவனுக்கு நம் பெயர் தெரியும்.

ஆகவே சங்கத்தின் அடுத்த கூட்டத்துக்கு முன்னால் அங்கத்தினர்கள் ஒரு காரியம் செய்ய வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். இருப்புச் சாமான் கடையில் பூட்டுள்ள சிறு இரும்புப் பெட்டி இருபது முப்பது ரிங்கிட்டுக்குக் கிடைக்கிறது. ஆளுக்கொன்று வாங்கிச் சிப்பந்திகள் படுக்கும் அறையில் சுவரோடு திருகி வையுங்கள். கடப்பிதழை அவரவர் கையில் கொடுத்து, அவரவரே உள்ளே வைத்துப் பூட்டட்டும். பெட்டியோடு இரண்டு சாவி வரும். இரண்டையும் அவரிடமே கொடுத்துவிடுங்கள்.